சதுப்பு நாரைகளின் ஒரு மணி நேரப் பிரெஞ்சு

ஒரு காட்டில் நான்கு அநியாயங்கள் நடந்தன. அவற்றை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் ஒனொரே என்ற நத்தைக்குத்தி நாரை குறுக்கே வந்து திருத்துவார்.

முதலாவது, காட்டு வானொலியின் ஏ.எம். அலைவரிசையில் மூன்று மணி நேரம் வந்துகொண்டிருந்த பிரெஞ்சு அரட்டையை ஒரு மணி நேரமாக வெட்டினார்கள். இரண்டாவது, அந்த ஒரு மணியையும் நாரைகள் ஒற்றைக்காலில் தூங்கும் மத்தியானத்துக்குத் தள்ளினார்கள். மூன்றாவது, பிரெஞ்சுக்கென்று புதிதாக எஃப்.எம். திறந்தார்கள், கண்ணாடி மாதிரி கேட்கும் என்றார்கள், ஆனால் அது குன்றைத் தாண்டிச் சதுப்புக்கு வரவே இல்லை. நான்காவது, அந்த எஃப்.எம்.மிலும் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போட்டார்கள்.

சதுப்பு நாரைகளுக்கு வீட்டு மொழி பிரெஞ்சு. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒனொரே பதினாறு பக்கத் துண்டறிக்கை கொடுப்பார்.

"பாட்டை எந்த மொழியிலயும் கேட்டுக்கலாம். சண்டை போடத்தான் சொந்த மொழி வேணும்" என்பார்.

அதனால் போராட்டம் அறிவித்தார்: மூன்று மணி நேரம் திரும்பி வரும்வரை, மிச்சமிருக்கும் ஒரு மணியையும் யாரும் கேட்கக் கூடாது.

யாரும் கேட்கவில்லை. ஃபிலோமின் என்ற ஆமை மட்டும் ஒரு நாள் கேட்டுவிட்டாள். அவளோடு பேச்சு வார்த்தை கிடையாது, சேற்றில் இடமும் கிடையாது என்று ஒனொரே தீர்ப்புச் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து, கேட்க ஆளில்லாததால் ஏ.எம். பிரெஞ்சு ஒலிபரப்பு நிறுத்தப்படும் என்று அந்த வானொலியிலேயே அறிவித்தார்கள். ஒனொரேவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியாததால், மரத்தில் நோட்டீஸ் ஒட்டும்வரை நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. தாழம்புதருக்குள் அவர் ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தார். எதிரி என்ன பேசுகிறான் என்று தலைமைக்குத் தெரிய வேண்டாமா? தவிர, அந்த மத்தியானக் குரல்கள் இல்லாவிட்டால் அவருக்கு நத்தை தொண்டையில் இறங்காது.

விசாரணைக்கு நரி அதிகாரி ஒன்பதாம் எண் படிவத்தோடு வந்தது.

"ஒரே ஒருத்தர் கேட்டிருந்தா போதும். கையெழுத்துப் போடணும், சாட்சிங்க முன்னாடி பேரை வாசிப்பேன். ஏ.எம். ஓடும்."

ஒனொரே ஆமையின் பக்கம் பிரெஞ்சு மரியாதையோடு கழுத்தை நீட்டினார். "மதாம், நீங்கதான் கேட்டீங்களே. ஒரு கையெழுத்து..."

"அடேங்கப்பா! இன்னிக்கு மட்டும் மதாமா? நீங்க தள்ளி வெச்ச அன்னிக்கே ரேடியோவைத் தண்ணியில போட்டுட்டேன், முசியே."

"சும்மா போடுங்களேன்."

"பன்னிரண்டாம் கேள்வியைப் படிங்க," என்றது நரி. "நேத்து என்ன பேசினாங்கன்னு எழுதணும்."

நாரைகள் தண்ணீரைப் பார்த்தன. நரி பேனாவை மூடியது.

"ரெண்டு வருஷம், ஒரு காதுகூட கேக்கலை. உங்க கட்டுப்பாட்டைப் பாராட்டணும், முசியே."

அதிகாரத்திடமிருந்து ஒனொரே வாழ்நாளில் வாங்கிய முதல் பாராட்டு அது. அதை வைத்துக்கொண்டு அப்படியே பறந்துவிடலாம் என்று தோன்றியது. நாளை மத்தியானத்தையும் நினைத்துப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பிடுங்கினார். பன்னிரண்டாம் கேள்விக்குத் தாளின் முன்னும் பின்னும் எழுதினார், கூடுதல் தாள் கேட்டார். நத்தையை எந்தப் பக்கம் உடைப்பது என்று நேற்றுப் பேசியவன் ஏன் மடையன் என்பதற்கு ஏழு காரணங்கள் கொடுத்தார்.

நரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்பது நாரைகளுக்கும் ஓர் ஆமைக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தது:

"ஒரு நாள் விடாமல் கேட்ட ஒரே நேயர்: ஒனொரே, போராட்டக் குழுத் தலைவர்."

நீதி: தொண்டன் மீறினால் துரோகம், தலைவன் மீறினால் தொலைநோக்கு.