இரண்டாம் பெட்டியில் புள்ளடி

கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப்போட்டு இருங்கோ. சத்தமாகச் சொல்லக்கூடிய கதையில்லை இது. மனுசி குசினிக்குள் நிற்கிறா. எனக்கு வயது போகப்போகக் காது மந்தமாகுது. அவவுக்குக் கூராகுது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இரண்டாம் மாடியில் இருந்தோம். எனக்கு மட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் மத்தியான வேலை. என் மனுசி சிவமலருக்கு ஷபனெல் தெருவில் தையல் வேலை. முன் தெருவில் இருந்த அருளம்பலத்துக்கும் என்னுடைய தொழிற்சாலைதான், ஆனால் காலை வேலை.

அந்தக் காலை வேலைதான் என் நிம்மதியைக் கெடுத்தது.

பனி கரைந்த கையோடு தொழிற்சாலையில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கொம்பனியே சைக்கிள் வாங்கித் தரும். ஒரு வருசத்துக்கு, வரி வெட்ட முன்னமே, சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். முதல் ஆளாகப் பாய்ந்துபோய் எடுத்தவன் அருளம்பலம். பச்சைச் சைக்கிள். காலமை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்குக் கீழால் போவான். மூலையில் திரும்பும்போது 'ணிங் ணிங்' என்று இரண்டு தரம் மணி அடிப்பான்.

அந்த நேரம் பார்த்துச் சிவமலர் தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனியில் நிற்பா.

முதல் நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கவனித்தேன். மூன்றாம் நாள் நித்திரை வரவில்லை. நாலாம் நாள் காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் ஒளித்து நின்று பார்த்தேன்.

"என்ன வடிவாய் நிமிந்து இருந்து ஓடுறார்," என்றா மனுசி, தெருவைப் பார்த்தபடி.

நான் போர்வைக்குள் இருந்து தலையை நீட்டினேன். "ஆர்?"

"ஐயோ கடவுளே! உதுக்குள்ளை என்ன செய்யிறியள்?"

"காஞ்சிட்டுதோ எண்டு பாத்தனான். ஆர் நிமிந்து இருக்கிறது?"

"அருளம்பலம் அண்ணை. சைக்கிள் எடுத்தாப்பிறகு ஆள் மெலிஞ்சும் போனார்."

"அவன் எப்பவும் ஒல்லிதான்! அதுசரி, மணி என்னத்துக்கு அடிக்கிறான்?"

"மூலையிலை திரும்பேக்கை ஆரும் அடிக்கிறதுதானே."

"ஒருக்கா அடிச்சாக் காணாதோ? ரெண்டாவது மணி ஆருக்கு?"

மனுசி தேத்தண்ணியைக் குடித்தா. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஒரு கோப்பை தேத்தண்ணியை இவ்வளவு நேரமாக ஆராவது குடிப்பார்களோ?

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று வயிற்றை உள்ளுக்கு இழுத்தேன். மூச்சு விட்டவுடன் அது தன் பாட்டில் திரும்பி வந்தது. அப்போதுதான் சபதம் எடுத்தேன். நானும் சைக்கிள் எடுப்பேன். அருளம்பலம் இரண்டு தரம் மணி அடித்தால் நான் நாலு தரம் அடிப்பேன்.

சொன்னதும் மனுசி நெற்றியைச் சுருக்கினா. "உங்களுக்கு என்னத்துக்குச் சைக்கிள்? முழங்கால் நோகுது எண்டு படியே ஏறமாட்டியள்."

"அருளம்பலத்துக்கு முழங்கால் இல்லையோ?"

"அவரின்ரை முழங்கால் வேறை."

"என்ன வேறை? பொன்னாலை செஞ்சதோ?"

"வேண்டாமப்பா. உங்களாலை ஏலாது."

அந்த 'ஏலாது'தான் என்னைக் கொண்டுபோய் விழுத்தியது. முந்தின வருசம் அவ தனக்கு ஒரு சைக்கிள் கேட்டபோது, "பொம்பிளையளுக்கு என்னத்துக்குச் சைக்கிள், மெத்ரோ ரயில் ஓடுதுதானே" என்று நான் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆருக்கு நினைவிருந்தது என்று கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

அடுத்த நாள் படிவத்தோடு வந்தேன். மூன்று பக்கம். முழுக்கப் பிரெஞ்சு.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். பத்து வருசமாக வீட்டில் எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று சொல்லி வைத்திருந்தேன். என் பிரெஞ்சு 'பொன்ஜூர்' என்று தொடங்கி 'மெர்சி' என்று முடியும். நடுவில் விரல்தான் கதைக்கும். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்க அது போதும். மனுசி மட்டும் இரண்டு மாரிகாலம், கோயில் நிலவறையில் நடந்த பிரெஞ்சு வகுப்புக்குப் போய் வந்தவ.

"நான் எல்லாம் வாசிச்சிட்டன்," என்றேன். "உம்மடை எழுத்து வடிவு. நீர் நிரப்பும்."

அவ பேனையை எடுத்தா. பேர், விலாசம் எழுதினா. பிறகு நிமிர்ந்தா.

"உயரம் கேக்கினம். சென்ரிமீற்றரிலை."

எனக்கு அடியும் அங்குலமும்தான் தெரியும். "தெரியும்தானே, போடும்."

நூற்றைம்பத்தைந்து என்று போட்டா. அந்தப் பெரிய எண்ணைப் பார்க்கவே எனக்கு வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

"நிறம்?"

"பச்சை வேண்டாம்! அவன்ரை பச்சை. எனக்குச் சிவப்பு."

"நல்லது, எனக்கும் சிவப்பு விருப்பம். இஞ்சை ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்டிலை புள்ளடி போடவேணும். எதிலை?"

குனிந்து பார்த்தேன். இரண்டு பெட்டி. பக்கத்தில் இரண்டு சொல். பொன்ஜூரும் இல்லை, மெர்சியும் இல்லை.

"ரெண்டாவதிலை," என்றேன், சரியான உறுதியாக.

"வடிவா வாசிச்சனீங்களோ?"

"ஓமெண்டுறன்!"

"பேந்து என்னைக் குறை சொல்லக் கூடாது."

"நான் ஏன் குறை சொல்லப்போறன்? போடும்!"

போட்டா. நான் கையெழுத்து வைத்தேன். அன்றைக்கே ஓடிப்போய் நீலத் தலைக்கவசமும் ஒன்று வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு பல்கனியில் இருந்தேன். அருளம்பலம் பார்க்கட்டும்.

வைகாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வேலை மாறுகிற நேரம், இரண்டு பகுதி ஆட்களும் வாசலில் நிற்கையில் சைக்கிள்கள் வந்து இறங்கின. என் பேரைக் கூப்பிட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திப் போனேன்.

சிவப்புத்தான். பளபள என்று இருந்தது. நடுவில் பார் இல்லை. முன்னுக்குப் பூப்போட்ட கூடை. பின்சில்லில் சீலை சிக்காமல் இருக்க வலை.

ஏறிப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் நாடியில் முட்டியது.

முழு வாசலும் சிரித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருளம்பலம் வந்தான்.

"கிருபா, நல்ல வடிவான சைக்கிள். தங்கச்சி சிவமலருக்கோ?"

என்ன செய்யிறது? 'எனக்கு' என்று சொன்னால் ஆயுளுக்கும் சிரிப்பான். இறங்கி நின்று கூடையைத் தடவிவிட்டுச் சொன்னேன்: "ஓம், மச்சான். அவவுக்குத்தான். ஒரு ஆசைக்கு."

"தெரியுமே! போன கிழமையே என்ரை மனுசியிட்டைச் சொன்னவவாம், இவர் எனக்குச் சைக்கிள் எடுத்துத் தாறார் எண்டு. நீ குடுத்துவைச்ச புருசனடாப்பா."

போன கிழமையே!

அன்று வேலை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். படியில் நின்றபடியே கத்தினேன்.

"சிவமலர்! ரெண்டாம் பெட்டியிலை என்ன எழுதியிருந்தது?"

"பெண்கள் எண்டு. வாசிச்சனான் எண்டனீங்கள்?"

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டு தரம் கேட்டனான். என்ரை புருசன் தனக்குச் சைக்கிள் கேக்காமல் எனக்குக் கேக்கிறார் எண்டு எவ்வளவு சந்தோசப்பட்டன் தெரியுமே?"

"உமக்குச் சைக்கிள் விருப்பமெண்டா என்னட்டை நேரை கேட்டிருக்கலாமே!"

"போன வருசம் கேட்டனான்."

அப்போது எனக்கு நினைவு வந்தது. படிவத்தில் போட்ட நூற்றைம்பத்தைந்தும் அவவின் உயரம்தான் என்று விளங்கியது. ஆனாலும் மனதில் ஒரு முள்ளு.

"சரி. ஆனா ஒவ்வொரு நாளும் காலமை பல்கனியிலை நிண்டு அருளம்பலத்தைப் பாத்தது?"

மனுசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "அந்தாளை ஆர் பாத்தது? நான் சைக்கிளை எல்லோ பாத்தனான்!"

திங்கட்கிழமை காலமை, ஆறரை. தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனியில் நின்றது நான். கீழே அருளம்பலம் பச்சைச் சைக்கிளில் வந்தான். அவனுக்குப் பின்னால் சிவப்புச் சைக்கிளில், மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து, என்னுடைய நீலத் தலைக்கவசத்தையும் போட்டுக்கொண்டு சிவமலர். இரண்டு பேரும் ஒரே பக்கம்தான் போகவேணும். என் சம்பளத்தில் பிடித்து, என் மனுசியை அவனோடு சோடியாக அனுப்பிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"மெதுவாப் போம்!" என்று கத்தினேன்.

அவ திரும்பிப் பார்க்கவில்லை. எழும்பி நின்று இரண்டு மிதி மிதித்து அருளம்பலத்தை முந்தினா. மூலையில் திரும்பும்போது, 'ணிங் ணிங்' என்று இரண்டு தரம் மணி அடித்தா.