கிரைண்டர் குடித்த கடலை எண்ணெய்

சமைக்கத் தெரியாத ஆணால் ஒரு வீட்டுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. பசித்தால் ஓட்டலுக்குப் போய்விடுவான். கேடெல்லாம், சமையலைப் பற்றி நாலு புத்தகம் படித்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்று வேட்டியை மடித்துக் கட்டுகிறானே, அவனால்தான். அந்த ஆசாமி மீது எனக்கு இருபது வருடமாகத் தீராத கோபம். தினமும் காலையில் சவரம் செய்யும்போது அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது.

அப்போது உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் மரீக்கே என்ற ஹாலந்துப் பெண் குடியிருந்தார். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக எப்படிப் பங்கு பிரிகிறது என்று ஆராய வந்தவர். (எங்கள் ஆட்கள் அதைச் சண்டை போட்டுத்தான் பிரிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.) அவர் என்னிடம் தமிழில் பேசுவார். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். எங்கள் இருவரில் யார் வெளிநாடு என்று தெருவுக்கே சந்தேகம்.

ஒருநாள் மாடிப்படியில், "சார், என் கடலை வெண்ணெய் தீர்ந்துவிட்டது. எங்கள் நாட்டில் காலை ரொட்டிக்கு அதுதான்" என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். உள்ளே துடைத்து எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குள் இருந்த ஆசாமி வேட்டியை மடித்துக் கட்டிவிட்டான். ஆண்டிபட்டிப் பக்கம் மூட்டை மூட்டையாக நிலக்கடலை விளைகிறது. அதை அரைத்துக் குப்பியில் அடைத்துவிட்டால் ஹாலந்து என்ன, அமெரிக்காவே என் வாசலில் நிற்காதா?

ஆடி மாதச் சனிக்கிழமை. என் மனைவி செல்வி குச்சனூருக்குச் சாமி கும்பிடக் கிளம்பினாள். செல்வி தெருவுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகளின் பள்ளிச் செலவு அந்தக் கிரைண்டரில்தான் அரைபட்டுக்கொண்டிருந்தது. அவரவர் வீட்டுத் தூக்குவாளிகள் எங்கள் கூடத்தில் வரிசையாக நிற்கும்.

"நாலு மணிக்கு மொதல்ல உளுந்தப் போடுங்க, பெறகு அரிசி. அந்தக் கல்லுல வேற எதையும் போட்றாதீக" என்றாள் வாசலில் நின்று.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா பயமில்லையே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மரீக்கேயும் எங்கோ வெளியூர் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் முடித்து அசத்திவிடத் திட்டம். கடலையை வறுத்துத் தோல் புடைத்து மிக்ஸியில் போட்டேன். இரண்டு சுற்றில் அது சூடாகி, ஒரு கெட்ட வாடை விட்டு நின்றுபோனது. மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். நான் கிரைண்டரைத் திறந்தேன்.

தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டுமாம், படித்திருக்கிறேன். கடலை பொடியானது. பொடி களியானது. களி குழவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. மோட்டார் பிரசவ வலியில் முனகியது. சுவை கூட்ட வெல்லத்தை வேறு தட்டிப் போட்டேன், எவன் கேட்டான் என்று தெரியவில்லை. கடைசியில் கரண்டிக் காம்பால் சுரண்டி ஒரு குப்பி நிறைத்தேன். மீதியைக் கல்லே வைத்துக்கொண்டது.

வெந்நீர் ஊற்றினேன். எண்ணெய் மினுமினுத்தது. தேங்காய் நாரால் தேய்த்தேன். இன்னும் மினுமினுத்தது. கடைசியில் துணி துவைக்கிற பவுடரைக் கொட்டித் தேய்த்தேன். நுரை வந்தது, மல்லிகை வாசம் வந்தது, என் மனமும் நிறைந்தது. நாலு மணிக்கு உளுந்து, பிறகு அரிசி, சொன்னபடி. வாளிகளை நிரப்பி வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்வி கூட்டத்தில் நசுங்கி, கடைசிப் பஸ்ஸில் வந்து அப்படியே படுத்துவிட்டாள்.

விடிந்ததும் முதலில் வந்தவர் முக்கு டீக்கடைப் பாண்டி அண்ணன். செல்வியின் பெரிய வாடிக்கை அவர்தான். கையில் ஒரு தட்டு, தட்டில் நாலு இட்லி. பழுப்பு நிறத்தில், அப்பளம்போல் தட்டையாக.

"ஏத்தா செல்வி, இத மோந்து பாரு" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைக்கு வந்தவுக எல்லாம் எந்திரிச்சுப் போய்ட்டாக. ஒருத்தருக்குக் கடலை மிட்டாய் வாசம் அடிக்குதாம், இன்னொருத்தருக்கு வண்ணான்தொறை வாசம் அடிக்குதாம்."

அவருக்குப் பின்னால் தெருவே வாளியோடு நின்றது. செல்வி இட்லியை மோந்தாள். கிரைண்டரைத் திறந்து கல்லை விரலால் தடவி மோந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கல்லு எண்ணெயக் குடிச்சிருக்கு. என்னத்தப் போட்டீக?"

சொன்னேன்.

"அந்தப் பிள்ள உங்களக் கேட்டுச்சா?"

"தீர்ந்துபோச்சுன்னு சொன்னாங்க."

"தீந்துபோச்சுன்னுதான சொல்லுச்சு. அரைச்சுத் தாங்கன்னு கேட்டுச்சா?"

அந்த நேரம் பார்த்து மரீக்கே மாடியிலிருந்து இறங்கி வந்தார். தப்பித்துக்கொள்ளக் கிடைத்த ஒரே வழி என்று குப்பியை எடுத்து நீட்டினேன். அவர் நெகிழ்ந்துவிட்டார். "மிக்க நன்றி, சார். ஆனால் நான் நேற்றே குமுளி போய் இரண்டு வாங்கிவிட்டேன். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக விற்கிறார்கள்" என்றார்.

குமுளி எங்களுக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம்.

 செல்வி வாளிகளைத் திரும்ப வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். கல்லைக் கழற்றிக் கொத்தக் கொடுத்தாள். கொத்தியும் எண்ணெய் வாடை லேசில் போகவில்லை. தவிட்டையும் பழைய அரிசியையும் போட்டு அரைத்து அரைத்துக் கொட்டினாள். அதற்குள் எதிர்வீட்டு ஈஸ்வரி ஒரு கிரைண்டர் வாங்கி, பாதித் தெருவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாண்டி அண்ணனும் போனார். அந்தப் பாதி திரும்பி வரவே இல்லை. மகளின் பள்ளிச் செலவுக்கு நான் மாலையில் டியூஷன் எடுக்க வேண்டியதாயிற்று. (ஆங்கிலம்தான். சமையல் சொல்லித்தர யாரும் கூப்பிடவில்லை.)

எங்கள் கல் தேறும்வரை ஈஸ்வரி வீட்டு வரிசையில் தூக்குவாளியோடு நின்றவனும் நான்தான்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம். காலைப் பந்தியில் புதுச் சம்பந்தி இட்லியை வைத்துக்கொண்டு சட்னிக்காகக் காத்திருந்தார். பக்கத்து இலையில் பாண்டி அண்ணன். சம்பந்தியின் காதருகே குனிந்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"சும்மா சாப்பிடுங்க சம்பந்தி. இவுக வீட்டு இட்லிக்குச் சட்னி உள்ளயே இருக்கும்."

முதலில் சிரித்தவள் செல்வி. அந்தச் சம்பவத்துக்காக அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.