சீமெண்ணெய்க் காப்பி

நல்லது செய்தே தீருவேன் என்று கிளம்புகிறவனை வீட்டார் முதல் காரியமாகத் தூணில் கட்டிப்போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் என் தங்கையின் கல்யாணம் ஒரு டம்ளர் காப்பியில் மூழ்கப் பார்த்தது.

வடகரப்பதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தில் ஒரு குட்டை. யாரும் வெட்டியதல்ல, ஊற்று நீர் தானாகத் தேங்கியது. அல்லி பூக்கும், தவளை கத்தும், மத்தியானமானால் எங்கள் எருமை இறங்கிப் படுத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்தால் கொசு கிளம்பும். தங்கை நாச்சாளுக்கு மழைக்காலம்தோறும் குளிர்காய்ச்சல். எத்தனை கம்பளி போர்த்தினாலும் உடம்பு தூக்கிப்போடும். இவள் பிழைப்பாளா என்று அம்மா சுவரைப் பார்த்து நின்று அழுததைக் கண்டிருக்கிறேன்.

அவளை முதலில் பெண் பார்க்க வந்தவர்கள், அவளைப் பார்த்ததைவிடத் தங்கள் முதுகில் அடித்துக்கொண்டதுதான் அதிகம்.

"இந்தக் கொசுவுல வளந்த புள்ளைக்குக் காய்ச்சல் எப்பிடீங்க போகும்?" என்று கேட்டார்கள். "நல்ல நாள் பாத்துச் சொல்லி அனுப்பறமுங்க" என்று வண்டி ஏறினார்கள். அந்த நல்ல நாள் வரவேயில்லை. நாச்சாள் அழவில்லை, புடவையை மாற்றி மடித்து வைத்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்த வரன் வருவதற்குள் கொசுவை ஒழித்துக்கட்டுவது என்று முடிவு செய்தேன். நாலாம் பாரம் வரை படித்தவன் நான் (பாஸ் செய்தேன் என்று சொல்லவில்லை). சித்தூரிலிருந்து சைக்கிளில் வந்த சுகாதார இன்ஸ்பெக்டரை வழிமறித்துக் கேட்டேன்.

"மாடு எறங்கற குட்டைங்களா? சின்ன மீனா வுடுங்க, கொசுப்புழுவத் தின்னுபோடும். ஓரத்துப் புல்லையும் அறுத்துப்போடுங்க. சீமெண்ணெய் சாக்கடைக்குத்தான். இதுல ஊத்திப்போடாதீங்க" என்றார்.

மீனைப் பிடித்து வந்து, அதற்குப் பசியெடுத்து, அது தின்று முடிப்பது எப்போது? மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில், விளக்குக்கு வாங்கி வைத்திருந்த சீமெண்ணெயை டின்னோடு குட்டையில் கவிழ்த்தேன். தண்ணீர் மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. எனக்கு ஒரே பெருமை.

எருமைக்கு இந்த விஷயம் தெரியாது. மத்தியானம் வழக்கம்போல் இறங்கியது. கரையேறியதும் அதைத் தேய்த்துக் கழுவியவன் நான், அதே குட்டைத் தண்ணீரில். பிறகு அதே கையோடு பால் கறந்தவனும் நான். காலையிலிருந்தே வீடெல்லாம் சீமெண்ணெய் வாசம் என்பதால் எங்கள் மூக்குக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கும் முன்பு ருசி பார்ப்பது மரியாதையல்ல என்று அம்மாவும் வாயில் வைக்கவில்லை.

சாயங்காலம் வந்தார்கள். நாச்சாள் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளையின் மாமன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெளக்குல ஊத்தறத டம்ளர்ல ஊத்திப்போட்டாங்களாட்ட இருக்குதே?"

"புது டம்ளருங்க" என்றார் அப்பா, பரிதாபமாக.

டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அப்போதுதான் கொசுக்களும் வந்து சேர்ந்தன. குட்டையில் செத்தது புழு மட்டும். ஏற்கனவே பறந்துகொண்டிருந்தவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மாமன் முதுகில் அடித்துக்கொள்ளத் தொடங்கினார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"நல்ல நாள் பாத்துச் சொல்லி அனுப்பறமுங்க."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுபோனது. செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

மாப்பிள்ளை மட்டும் எழுந்திருக்கவில்லை. டம்ளரைத் தூக்கி, ஒரே மூச்சில் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மா, இன்னைக்கே நல்ல நாள்தானுங்க."

கல்யாணம் நடந்தது. குட்டையில் தவளைகள் செத்து மிதந்தன, அல்லி கருகியது. அப்பா தண்ணீரை இறைத்து, ஊற்று நிறைந்ததும் சின்ன மீன்களை விட்டார். நாச்சாளுக்குப் புகுந்த ஊரிலும் சில மழைக்காலம் காய்ச்சல் வந்தது. மருந்தும் கொடுத்து, இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து, மாப்பிள்ளைதான் அவளைத் தேற்றினார்.

இன்றும் அவள் வீட்டில் நான் பந்தியில் உட்காரும் முன்பு நாச்சாள் சொம்போடு வந்து நிற்பாள். "ஏனுங்கண்ணா, கையக் கழுவுனீங்களா?" வீடே சிரிக்கும். கதை கேட்ட குழந்தைகள் என் விரலை மோந்து பார்த்துவிட்டுச் சிரிக்கும். மாப்பிள்ளை மட்டும் சிரிக்க மாட்டார். அன்றைக்கு அதை எப்படிக் குடித்தீர்கள் என்று ஒருநாள் அவரைக் கேட்டேன்.

"குடிக்கற மாதிரியா இருந்துதுங்க மச்சான்? கதவு சந்துல அவ நின்னு பாத்துட்டிருந்தா. எல்லாரு டம்ளரும் நெறைஞ்சபடியே உள்ள போவப் போவுது. ஒண்ணாச்சும் காலியாப் போவட்டும்னு நெனச்சேனுங்க."

அதற்குப் பிறகு, கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நாச்சாள் கேட்டதும் எழுந்துபோய் இன்னொரு தரம் கழுவிவிட்டு வருகிறேன்.