வாப்பா ஃபோல்டர்

"வாப்பா, வேலை பாத்தது போதும். ஊருக்கு வந்துருங்க. டிக்கெட் எப்பப் போடப் போறீக?"

சுஹா கேட்டு முடிப்பதற்குள் உம்மா காலிதாவின் கை பாய்ந்து வந்து லேப்டாப்பை மூடியது. சவூதியில், தம்மாமில் இருந்த ஹசன் அலி பாதிச் சிரிப்போடு மறைந்துபோனார்.

அந்த வீட்டில் வாப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சென்ட் கேட்கலாம், போன் கேட்கலாம். திரும்பி வரும் தேதியை மட்டும் கேட்கக் கூடாது. சபர் என்று கடல் தாண்டிப் பிழைக்கப் போன மனுசனிடம் "எப்ப வாரீக" என்று கேட்டால் அங்கே அவருக்குச் சோறு இறங்காது, இங்கே இருப்பவர்களுக்கும் நிம்மதி இருக்காது. பெரியபட்டினத்தில் பாதி வீடுகளில் இதுதான் சட்டம். சுஹாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காலிதா அதைக் காவல் காத்து வந்தாள்.

"எத்தன தடவ சொல்லிருக்கேன்? காலேஜுக்குப் போனா வாய் நீண்டுருமா?"

"எனக்குத்தான் வேலை கெடச்சிருச்சுல்ல உம்மா. இனி அவரு எதுக்கு அங்கன கெடக்கணும்?"

மறுபடி திறந்தபோது வாப்பாவிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. போனில் காசு இல்லையாம், பிறகு பேசுகிறாராம். வைஃபையில் பேசுகிறவருக்குக் காசு எப்படித் தீரும் என்று அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆளான சுஹாவுக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நான்கு நாளாக அவர் முகம் காட்டவில்லை. காலையில் ஒரு சலாம் மட்டும் வந்தது.

காலிதா சோறு போட்டாள். பேசவில்லை.

இதற்கிடையில் வேலைக்கே ஆபத்து வந்தது. வீட்டிலிருந்து பார்க்கிற வேலைதான். ஆனால் திங்கட்கிழமைக்குள் கம்பெனியின் சாஃப்ட்வேரை லேப்டாப்பில் ஏற்றியாக வேண்டும். அதற்கு நூற்றிருபது ஜிபி காலி இடம் வேண்டும். இருந்தது நான்கு. மிச்சத்தைத் தின்றிருந்தது 'வாப்பா' என்ற ஒரே ஒரு ஃபோல்டர்.

வெள்ளிக்கிழமை தவறாமல் காலிதா தன் போனைக் கொண்டுவந்து நீட்டுவாள். "போன் நெறஞ்சுருச்சு. வாப்பாவ எறக்கி வை. தெறந்து பாக்கக் கூடாது, புருசன் பொஞ்சாதி பேச்சு." அந்தப் பேச்சைத் திறந்து பார்க்கும் ஆசை எந்த மகளுக்கும் வராது. சுஹா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே இறக்கி வைப்பாள்.

இப்போது அதை அழிக்கலாமா என்று கேட்டதும் காலிதாவின் நான்கு நாள் மௌனம் கலைந்தது.

"மொதல்ல என்னைய அழி."

கபீர் மாமா போன மாதம் துபாயிலிருந்து தைலம், பிஸ்தாவோடு ஒரு பென்டிரைவும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ரெண்டு டிபியாம். நகம் அளவு பென்டிரைவுக்குள் அவ்வளவு இடம் எப்படி என்று கம்ப்யூட்டர் படித்தவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் கோபத்தில் இருந்தாள். சொருகி, ஃபோல்டரை அதில் காப்பி போட்டாள். மதியம் லுஹர் தொழுகையிலிருந்து சாயங்காலம் அசர் வரை ஓடியது. பிறகு பென்டிரைவ் தோசைக்கல்லாகச் சுட்டது. லேப்டாப் கறுத்து அணைந்தது.

மாமாவை நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் லேப்டாப்பைக் காணவில்லை. காலிதா அதை அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருந்தாள். தண்ணீரில் விழுந்த போனுக்கு அதுதானே வைத்தியம்.

"இது நனையவே இல்லையே உம்மா!"

"கடக்காத்துலயே கெடக்குற சாமான். உள்ளுக்குள்ள ஈரம் இல்லாமயா இருக்கும்?"

அதற்குப் பிறகு லேப்டாப் உயிர் பெற்றது. ஆனால் வயிற்றுக்குள் யாரோ உட்கார்ந்து அரிசி புடைப்பதுபோல் ஒரு சத்தம்.

சனிக்கிழமை சுஹா பஸ் ஏறித் திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் போனாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ரிஃபாய், திருகாணிகளைக் கழற்றி, இடுக்கியால் ஏழு அரிசியை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார்.

"புழுங்கலா?"

"புழுங்கல்தான். டிஸ்க்கப் பாருங்க."

அவர் உள்ளே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். இன்னொரு டிஸ்க் போடுவதற்கென்றே இருந்த இடம், வாங்கிய நாளிலிருந்து காலியாகக் கிடந்தது. மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்தவள் தன் லேப்டாப்பை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ரிஃபாய் ஒரு டிபி டிஸ்க்கை அதில் பொருத்தி, வாப்பா ஃபோல்டரை அதற்கு மாற்ற ஆரம்பித்தார். அதற்குள் காலிதாவின் போன் மூன்றாவது முறையாக வந்தது.

"வாப்பா எறங்கிட்டாரா?"

"முப்பது பர்சன்ட் எறங்கிட்டாரு உம்மா."

"மிச்சம்?"

"வந்துட்டே இருக்காரு."

மறுமுனையில் காலிதாவின் குரல் இறங்கியது. அவள், வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் போடு, அந்த மனுசன் அங்கே என்ன பாடுபடுகிறாரோ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சுஹாவுக்கு அந்தக் குரல் என்னவோ செய்தது. கோபத்தை மடித்து வைத்துவிட்டு டைப் செய்தாள்: 'மன்னிச்சுருங்க வாப்பா. இனிமே கேக்க மாட்டேன்.' அனுப்பும் பொத்தான்மேல் விரல் நின்றது.

"தங்கச்சி," என்றார் ரிஃபாய். "இதெல்லாம் வாட்ஸப்ல வந்த வீடியோவா?"

"ஆமா. வாப்பா அனுப்புனது."

"அதுல வந்தா சுருங்கித்தானே வரும்? இது ஒவ்வொண்ணும் யானை கணக்கா இருக்கு. போன்லயே நேரா எடுத்தது." அவர் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டு சத்தத்தைக் குறைத்தார். ஏழு அரிசியையும் ஒரு ஓரமாக ஒதுக்கினார். அவளை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"சரியா ஓடுதான்னு அங்கங்க மூணு வீடியோ ஓட்டிப் பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. மூணுலயும் உங்க வாப்பா இல்ல தங்கச்சி. உங்க உம்மா போலருக்கு, ஒத்தையில ஒக்காந்து போனப் பாத்து, 'எப்ப வாரீக, எப்ப வாரீக'ன்னு கேட்டுக்கிட்டு இருக்காக."

சுஹா தன் போனில் இருந்த மன்னிப்பை எழுத்து எழுத்தாக அழித்தாள். இந்த நான்கு நாளில் அவளால் அழிக்க முடிந்தது அது ஒன்றுதான். 'டிக்கெட் எப்பப் போடுறீக?' என்று அனுப்பினாள். காப்பி முடியும்வரை காத்திருந்து, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைப்படி இறங்கினாள்.