ஊத்தினா போதும்

கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாசகர்களே. இன்று உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தப்போவது ‘ஊத்தினா போதும்’ என்னும் இனத்தை. எது ஒழுகினாலும் எங்கே ஒழுகுகிறது என்று மட்டும் இவர் பார்க்கமாட்டார், குறைந்ததை நிரப்பிவிடுவார். மாடித் தொட்டி ஒழுகினால் மோட்டாரை இரண்டாம் முறை போடுவார். மனைவியின் முகம் வாடினால் மல்லிகைப்பூ வாங்கிவருவார். ஏன் வாடியது என்று கேட்கமாட்டார். தம்பியோடு மனஸ்தாபம் என்றால் பெருநாளன்று ஒரு தூக்கு நிறைய பிரியாணி அனுப்பிவைப்பார். என்ன மனஸ்தாபம்? அது கிடக்கட்டும், பிரியாணி நன்றாக இருந்ததா?

இந்த இனத்தின் உத்தம மாதிரி, ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கும் அமீர். தங்கமான மனிதர். அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அந்தக் கார் நிற்கும் இடத்தில், இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு அடியில், சில மாதங்களாகத் தினமும் ஓர் ஈரத் திட்டு.

“ஏசித் தண்ணி” என்றார் அமீர்.

“ஏசி ஓடியே ரெண்டு வருஷமாச்சே?” என்றார் மனைவி ரோஷன் பீவி.

அமீர் கொஞ்சம் யோசித்தார். இந்த இனம் யோசித்தால் ஆபத்து. பானெட்டைத் திறந்தார்; பிரேக் ஆயில் டப்பாவில் அளவு கோட்டுக்குக் கீழே போயிருந்தது. வேறு யாராவது என்றால், மூடிய டப்பாவிலிருந்து ஆயில் எப்படிப் போனது, எந்த வழியாகப் போனது, போகிறது போகிறது என்றால் ஒருநாள் போய்த் தீர்ந்துவிடாதா என்றெல்லாம் பயந்திருப்பார்கள். அமீர் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினார். மிச்சத்தைப் பழைய துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல டிக்கியில் படுக்கவைத்தார். குறையக் குறைய ஊற்றினார். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்து தொல்லை கொடுத்தது. ஆப்பிளில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து அதன்மேல் ஒட்டினார். தொல்லை ஒழிந்தது.

விதி சிரித்தது. (சிரிக்காமல் என்ன செய்யும்?)

கடப்பாக்கத்தில் மாமியார் வீட்டில் இருந்த மகள் ஹனியாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரும் நாள் வந்தது. அங்கே பெட்டி கட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண். இங்கே அவள் அம்மா கார்க் கதவைத் திறக்காமல் நிற்கிறார்.

“ஏங்க, ரெண்டு உசுரோட வரப்போற புள்ள. மெக்கானிக்குகிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போலாம்.”

“காட்டினா நாலு வேல சொல்லுவான். இப்பதான் ஊத்தினேன், போதும். ஏறு.”

ஏறினார். பெற்ற மனம், வேறென்ன செய்யும்?

கேளம்பாக்கம் தாண்டி, கோவளம் தாண்டி, திருவிடந்தை வந்தது. முன்னால் போன பேருந்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு, தலையில் மீன் அன்னக்கூடையோடு மேரி என்ற பெண் சாலையைக் கடந்தார். அமீர் பிரேக்கை மிதித்தார். மிதி தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை. ஐயோ! மறுபடி மிதித்தார். மறுபடியும் தரை. அந்தக் கணத்தில் அவருக்கு டிக்கியிலிருந்த பாட்டில்தான் ஞாபகம் வந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார். ரோஷன் பீவி மட்டும் இரண்டு கைகளாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, பிடுங்கி எடுப்பதுபோல இழுத்தார். மேரியின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் முனகிக்கொண்டு நின்றது.

“யோவ், இன்னா? என்னையே கொழம்பு வெக்கப் பாக்குறியா?”

“பிரேக் ஆயில் கொஞ்சம் கம்மியாயிடுச்சும்மா. ஊத்தினா...”

“வாயில ஊத்து!” என்றார் மேரி.

வேடிக்கை பார்த்தவர்கள் காரைப் பக்கத்திலிருந்த ஜான்சன் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜான்சன் பின்சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றிவிட்டுக் கைதட்டி அமீரைக் கூப்பிட்டார்.

“அண்ணாத்த, இங்க வா. வீல் சிலிண்டர் ஒழுகி, பிரேக் ஷூவெல்லாம் ஆயில்ல ஊறிக் கீது. இது பிரேக்கு இல்ல, ஊறுகா.”

“டிக்கில ஒரு பாட்டில் இருக்கு. ஊத்தினா...”

“நீ மேல ஊத்து, அது கீழ ஊத்தும். ரெண்டு பேருமா ஊத்திகினே இருங்க.”

புது சிலிண்டர் வந்தது, புது ஷூ வந்தது. மிச்சம், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. ஒருவர் உள்ளே மிதியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஜான்சன் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து காற்றை விட்டு மூடுவார். மூடும்வரை கால் அசையக் கூடாது. இவ்வளவுதான் வேலை. அமீர் கம்பீரமாக உட்கார்ந்தார். அமுக்கினார். ஜான்சன் நிப்பிளைத் திறந்தார். அமீர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “போதுமா?” என்றார். எட்டியதில் கால் எழுந்தது. போன காற்று திரும்பி வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி “போதுமா?” மறுபடி காற்று.

“அண்ணாத்த, பேஜாரு பண்ணாத, எறங்கு. யக்கா, நீங்க குந்துங்க. அமுக்கிப் புடிச்சா, நான் சொல்ற வரிக்கும் உடக் கூடாது.”

ரோஷன் பீவி விடவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் எவ்வளவோ அடக்கிப் பிடித்துப் பழகியவர். நாலு சக்கரமும் முடிந்தபோது மிதி கல்லாக நின்றது. இறங்குவதற்கு முன் அந்த ஆப்பிள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். விளக்கு எரியவில்லை. ஸ்டிக்கரை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கணவரின் வாயை ஒரு நிமிடம் பார்த்தார். ஒட்டவில்லை, பெரிய மனசு.

கடப்பாக்கத்தில் ஹனியா காரில் ஏறினாள்.

“ஏன் அத்தா இவ்ளோ நேரம்?”

“ஒண்ணுமில்லம்மா, ஆயில் கொஞ்சம் கொறஞ்சிருந்துது. ஊத்திட்டோம்” என்றார் அமீர். பிறகு மகளின் பெட்டியை டிக்கியில் வைத்தார். துண்டில் சுற்றிய பாட்டில் நசுங்காமல் ஓரமாக நகர்த்திவைத்தார். எதற்கும் இருக்கட்டுமாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், போன தீபாவளியிலிருந்து ஒரு வாளி உட்கார்ந்திருக்கிறதே, அது இந்நேரம் நிரம்பியிருக்கும். படித்தது போதும். போய் ஊற்றிவிட்டு வாருங்கள்.