எட்டு ஜிபியும் எழுந்து போன கலியமூர்த்தியும்

"பன்னெண்டு பெருசா, எட்டு பெருசா? பன்னெண்டையே குடு," என்றார் கலியமூர்த்தி.

"பெருசு பன்னெண்டுதாண்ணா. ஆனா வேகம் எட்டுதான்," என்றான் சகாயராஜ்.

கீழ்புத்துப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பார்த்த கம்ப்யூட்டர் கடை அவனுடையது. மேசைமேல், கம்ப்யூட்டரில் படம் வரைய உதவும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் கிடந்தன. ஒன்று பன்னிரண்டு ஜிபி, மற்றது எட்டு. மூலையில் அவன் மனைவி மேரிசெல்வி யாருடைய ஆதார் அட்டையையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கலியமூர்த்தி மரக்காணத்தில் உப்புத் தரகர். குவியலில் ஒரு கல்லை எடுத்து விரலால் நசுக்கியே ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிடுவார். வாங்கும்போது ஒரு கணக்கும் விற்கும்போது வேறு கணக்கும் வாயில் வரும். அவர் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வாங்க வந்தவன் இரண்டு முறையாவது எழுந்து போகவேண்டும்; விற்கிறவன் இரண்டு முறையும் கூப்பிடவேண்டும். எழுந்து போகாதவன் ஏமாளி. எழுந்து போயும் கூப்பிடப்படாதவனுக்கு டீக்கடையில்கூட மரியாதை கிடையாது.

அவரை இந்தக் கடைக்கு அனுப்பியது மகள் இலக்கியா. ஒரு வீட்டைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் வரைந்து, நிழல் வெயிலோடு நிஜம்போலக் காட்டுகிற படிப்பு படித்தவள். பெங்களூரில் ஒரு வேலை அவளுக்காகக் காத்திருந்தது. ஆரோவில் பக்கம் ஒரு கட்டட அலுவலகமும் கேட்டிருந்தது; வீட்டிலிருந்தே செய்யலாம். சம்பளம் படிந்தால் இங்கே, படியாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த அலுவலகத்து அம்மாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்து பேசுவதாக ஏற்பாடு.

"சம்பளத்த நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத," என்று கலியமூர்த்தி காலையிலேயே சொல்லிவிட்டார். "ரெண்டு தபா எழுந்து வாசல் வரைக்கும் போவேன். அந்தம்மா கூப்பிடும். அப்பதான் நம்ம ரேட்டுக்கு எறங்கி வரும்."

"நம்ம வீட்லேர்ந்தே எழுந்து நீ எங்கப்பா போவ?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும்."

இலக்கியா தன் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினாள். "சரிப்பா. ஆனா அவங்க மொதல்ல சிஸ்டத்ததான் பாப்பாங்க. நல்ல கார்டு இருந்தா நம்ம பேச்சுக்கு ஒரு வெயிட்டு. நீயே போயி ரெண்டு கார்ட கம்பேர் பண்ணி வாங்கிட்டு வந்துடேன். உன்ன மாதிரி பேரம் பேச யாரு இருக்கா?"

அந்தக் கடைசி வார்த்தைக்கு அப்புறம் வண்டிக்குப் பெட்ரோல்கூடத் தேவைப்படவில்லை.

"வேகம்னா இன்னா வேகம்?" என்று சகாயராஜிடம் கேட்டார் இப்போது.

"ஜிபின்றது குடோன் மாதிரிண்ணா. பன்னெண்டுல குடோன் பெருசு. ஆனா மூட்ட தூக்கற ஆளுங்க கொஞ்சம் பழசு. எட்டுல குடோன் சின்னது, ஆளுங்க புதுசு. ஓடி ஓடித் தூக்குவாங்க."

சகாயராஜ் இரண்டையும் இரண்டு கம்ப்யூட்டர்களில் மாட்டி, ஒரே வீட்டின் படத்தை ஓடவிட்டான். எட்டு ஜிபி கார்டு வேலையை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது, பன்னிரண்டு இன்னும் மாடிப்படிக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தது.

கலியமூர்த்தியின் மனசு எட்டின் பக்கம் சாய்ந்தது. உடனே வாய் எட்டைத் திட்ட ஆரம்பித்தது.

"இன்னாப்பா இது, சப்பையா இருக்குது. ரெண்டே ரெண்டு ஃபேனு. இதப் போயி யாரு வாங்குவா? பாதி வெலைக்குன்னா சொல்லு, இல்லன்னா நான் கெளம்பறேன்." எழுந்து கதவுவரை போனார்.

"அண்ணா, வாங்க. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்."

கூப்பிட்டுவிட்டான். கலியமூர்த்தி முகத்தைச் சுளித்துக்கொண்டே திரும்பினார். உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

"உங்க பொண்ணு ஒத்த வீடா போடப் போவுது? தோப்பு தொரவோட முழு காலனியே போடும். இப்பப் பாருங்க," என்று சகாயராஜ் பெரிய படம் ஒன்றைத் திறந்தான். எட்டு ஜிபி கார்டு பாதித் தென்னைமரங்களை வைத்ததும் நின்றுவிட்டது. "குடோன் ரொம்பிடுச்சி. லாரி ரோட்லயே நிக்குது."

"அப்ப பன்னெண்டயே போடு."

"போடலாம். அது நீளமாச்சே. உங்க வீட்டு கம்ப்யூட்டர் கேபினட்ல எடம் இருக்குதா?"

கலியமூர்த்தி மகளுக்குப் போன் போட்டார். இலக்கியா அளந்துவிட்டு, "ரெண்டு விரல் இடிக்குதுப்பா," என்றாள், தணிந்த குரலில்.

"அந்தம்மா வந்துட்டாங்களா?"

"நீ அவசரப்படாதப்பா. நல்லா கம்பேர் பண்ணு."

பெரிய கேபினட் மேசைக்கு வந்தது. அதைத் தட்டிப் பார்த்து, தகரம் மெலிசு என்று குறை சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது முளைத்தது.

"பவர் சப்ளையும் பெருசா வேணும்ணா. எட்டு ஜிபின்னா நூத்திப் பதினஞ்சு வாட்ஸ்ல ஓடும். பன்னெண்டு ஜிபின்னா நூத்தி எழுபது கேக்கும்."

"பழைய ஆளுங்க, வேகம் கம்மி, டீ மட்டும் ஜாஸ்தியா?"

"அதேதாண்ணா."

கலியமூர்த்தி தாடையைத் தடவினார். பரம்பரை மூளை ஒருமுறை பளிச்சென்று எரிந்தது. "எட்டுலயே ரெண்டு எடுத்துக்கறேன். மொத்தமா எடுத்தா வெலயக் கொறப்ப. எட்டும் எட்டும் பதினாறு. உன் பன்னெண்ட நீயே வெச்சிக்க."

"ரெண்டு மாட்னாலும் எட்டுதாண்ணா. ஒரே சரக்க ரெண்டு குடோன்லயும் வெச்சாவணும்."

"எந்த ஊர்லப்பா எட்டும் எட்டும் எட்டு?"

"கார்டு ஊர்ல."

எடைபோடும் இடத்தில் இதைவிட விசித்திரமான கணக்கையெல்லாம் கலியமூர்த்தி பிறருக்குச் சொன்னதுண்டு. தனக்கு ஒருவன் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. உண்மையாகவே கோபம் வந்து எழுந்தார். செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

"அண்ணா, பேண்ட்வித்து பாக்காம போறீங்களே. அது குடோன் கதவோட அகலம்ணா. அதுலதான் எல்லாமே இருக்குது."

இரண்டாவது முறையும் கூப்பிட்டாயிற்று. செருப்பைக் கழற்றினார். கதவு அகலத்தில் பன்னிரண்டு ஜெயித்தது. சூட்டில் எட்டு ஜெயித்தது. ஃபேன் சத்தத்தில் இரண்டும் சமம் என்றான் சகாயராஜ்; கலியமூர்த்தி காதை வைத்துக் கேட்டு, இல்லை என்றார். வாரண்டிக்கு வந்தபோது டீ வந்தது. டீ நன்றாக இருந்தது. அதையும் குறை சொல்லிவிட்டே குடித்தார்.

டம்ளரை வைக்கும்போதுதான் வெளியே பார்த்தார். வெயில் சாய்ந்து, சாலையில் லாரிகளின் நிழல் நீண்டிருந்தது. தான் இல்லாத நேரத்தில் அந்த அம்மாள் வந்துவிட்டால்? இலக்கியா, வந்தவர் முதலில் சொல்கிற சம்பளத்தைக் கேட்டு, பத்தாது என்று பேச வெட்கப்பட்டுக்கொண்டு, பெங்களூருக்கே போகிறேன் என்று சொல்லிவிடுவாள். அப்புறம் அவளை நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பார்க்கலாம். அவ்வளவுதான்.

"சரி, முடிச்சிக்கலாம். பன்னெண்டு, கேபினட்டு, பவர் சப்ளை. மூணும் சேத்து நான் சொல்ற வெல." தனக்கே கூசுகிற மாதிரி ஒரு விலையைச் சொன்னார். "முடியாதுன்னா விடு."

மூன்றாம் முறை எழுந்தார். அவசரத்திலும் நடையை மெதுவாகவே வைத்துக்கொண்டார். தொழில் என்றால் தொழில். கதவு வந்தது. குரல் வரவில்லை. படியிறங்கினார். வண்டியருகில் நின்று, கையிலேயே இருந்த சாவியைச் சட்டைப் பையில் தேடினார். அப்போதும் வரவில்லை.

இத்தனை வருஷத் தரகில் அவர் முதுகு இப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதில்லை. வேறு வழியில்லாமல் அவரே திரும்பி வந்தார். சகாயராஜ் இரண்டு கார்டுகளையும் அவற்றின் பெட்டிகளில் போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, ஒரு மனுஷன் எழுந்து போறேன். கூப்பிட மாட்டியா?"

சகாயராஜ் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஜெராக்ஸ் மெஷினை அணைத்துவிட்டு மேரிசெல்விதான் பதில் சொன்னாள்.

"அண்ணா, இலக்கியா மெசேஜ் போட்டிருக்குது, பெங்களூரவிட ஜாஸ்தியாவே சம்பளம் அதுவே பேசி முடிச்சிடுச்சாம், இனிமே உங்கள விட்டுடலாமாம்."