பஸ்கா அண்ணாச்சிக்கு எத்தனை வயது?

இயேசுநாதர் சிலுவையில் அறையப்பட்ட கிழமையை மாற்றச் சொல்லி, போதகரிடம் கைப்பட விண்ணப்பம் எழுதிக் கொடுத்த டைம்கீப்பர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவரோடு நான் வளைகுடா நாட்டுப் புஜைராவில் ஒரே ரூமில் ஆறு வருஷம் குடியிருந்தேன். உயிரோடு ஊர் வந்து சேர்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறி, அரிசி, கயிறு, பெயின்ட் என்று படகில் கொண்டுபோய் ஏற்றுகிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர் கிளார்க். புதுக்கோட்டைக்காரன். அவர் நம் தெற்கத்தி நாசரேத் பக்கம். கேட்டில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், வெளியே போனார்கள் என்று எழுதுகிற வேலை. ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் சிவப்பு மை. அவருடைய பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. அதற்கு வெளியே யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. எகிப்திலிருந்து தாங்கள் விடுதலையானதை யூதர்கள் கொண்டாடுகிற பண்டிகைக்குப் பஸ்கா என்று பெயர். நாளைக்கு நாலு தடவை அந்த வார்த்தையைச் சொல்வதால் அவர் பஸ்கா அண்ணாச்சி.

அந்த விண்ணப்ப விவகாரம் இப்படி. வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் சபை கூடுவதும் வெள்ளிக்கிழமைதான். ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது அண்ணாச்சி ஒரு டைம்ஷீட்டைப் போதகர் முன்னால் விரித்தார்.

"ஐயா, கல்லறையில மூணு நாள், மூணு ராத்திரின்னு போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அவுட். கூட்டிப் பாத்தா ரெண்டு ராத்திரிதான் வருது. மூணாவது ராத்திரி எங்கவே போச்சு?"

போதகர் பொறுமைசாலி. "அண்ணாச்சி, அந்தக் காலத்து யூதர்கள் ஒரு நாளின் ஒரு பகுதியையும் முழு நாளாகவே எண்ணுவார்கள்" என்றார்.

"எண்ணட்டும். நம்ம கம்பெனியில அரை நாளு வந்தா அரை நாளுதான். சிலுவை வியாழக்கிழமை. தயவுசெஞ்சு பெரிய வெள்ளியை ஒரு நாளு முன்னுக்குத் தள்ளணும்."

விண்ணப்பத்தைப் போதகர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். எந்த மேலிடம் என்று அண்ணாச்சி கேட்கவில்லை.

எனக்கு அவரால் நேர்ந்த கஷ்டமெல்லாம் பஸ்கா வாரத்தில்தான். அந்த ஏழு நாளும் யூதர் வீட்டில் புளித்த மாவு இருக்கக் கூடாதாம். அண்ணாச்சி யூதர் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கணக்குப் போடுகிறவன் அந்த வாரத்தை வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. குப்பூஸ் ரொட்டி ஈஸ்ட் போட்டது, ஆகாது. பரோட்டாவுக்கு, "ஆப்பசோடா உண்டா?" என்று விசாரணை. இதெல்லாம் அவர் வயிற்றுப்பாடு, எனக்கென்ன என்று இருந்தேன். ஒரு வருஷம் டூட்டி முடிந்து இட்லி ஊற்றலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தால், நான் அரைத்து வைத்த மாவைக் காணோம்.

"அண்ணாச்சி, மாவு எங்கே?"

"புளிச்ச மாவுல்லா அது? ரூம்ல வச்சுக்கிடலாமா? ஏழு நாளைக்கு காக்கா கடையில விருந்தாளியா விட்டிருக்கேன்."

காக்கா என்பது காயல்பட்டினத்து சாகுல் காக்கா. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் தெருமுனையில் அவருக்கு ஒரு கஃபட்டீரியா. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மாவு முழுதும் தோசையாகி நாலு பாகிஸ்தானி டிரைவர்கள் முன்னால் இருந்தது. காக்கா, "அருமையான பக்குவம் தம்பி. அடுத்த வருஷமும் இதே மாதிரி அரைங்க" என்றார்.

இந்தக் காக்காதான் அண்ணாச்சிக்கு உயிர் நண்பர். இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது பிறை. யூத மாதமும் பிறை கண்டுதான் பிறக்கும், முஸ்லிம் மாதமும் அப்படித்தான். மாதக் கடைசியில் பொழுது சாய்கிற நேரம் இருவரும் கடற்கரைச் சாலைத் திண்டில் உட்கார்ந்து மேற்கே மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு இரண்டு வருஷம் அதிசயமாக, ரமலான் பிறையும் யூதர்களின் எக்காளப் பண்டிகைப் பிறையும் ஒன்றாகவே வந்தன. காக்கா நோன்பு பிடிக்க, அண்ணாச்சி பத்தாம் நாள் பாவநிவாரண நாளுக்கு உபவாசம் இருக்க, இருவரும் ஒரே தட்டில் பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தார்கள்.

அந்த உபவாச நாள் அண்ணாச்சிக்கு வெறும் உபவாசம் இல்லை. "பவுல் அடிகளை கைதியா ரோமாபுரிக்குக் கப்பல்ல கொண்டுபோறாவ. உபவாச நாளு கழிஞ்சிட்டு, இனிமே பயணம் ஆபத்துன்னு அவரு சொல்லுதாரு. மாலுமி கேக்கல. கப்பல் உடைஞ்சு போச்சு. அந்த ஒத்த வார்த்தையை வச்சு அது புரட்டாசி, ஐப்பசின்னு சொல்லிடலாம் தம்பி. பண்டிகைதான் ஆணி. சரித்திரத்தை அதுலதான் மாட்டணும்."

இதை என்னிடம் சொல்வதோடு விட்டிருக்கலாம். ஒரு தடவை சாமான் ஏற்றப் படகில் கூட வந்தவர், கிரேக்கக் கேப்டன் ஒருவரிடம், "கேப்டன், ஃபாஸ்டிங் டே ஃபினிஷ். நவ் சீ டேஞ்சர்" என்று சொல்லிவிட்டார். கேப்டன் மிரண்டுபோய் வானிலை அறிக்கையை மறுபடி வரவழைத்தார். கடல் அன்றைக்குக் குளம் மாதிரி கிடந்தது. அதற்குப் பிறகு அண்ணாச்சி படகில் ஏறக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார்.

அவர் கணக்குகளிலேயே எனக்குப் பிடித்தது கடைசி இராப்போஜனக் கணக்கு. சீஷர்களோடு இயேசு சாப்பிட்ட அந்தக் கடைசி விருந்து பஸ்கா விருந்து என்று, சுவிசேஷம் எழுதிய நாலு பேரில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்களாம். நாலாவது ஆள், பஸ்கா அதற்கு மறுநாள்தான் என்கிற மாதிரி எழுதியிருக்கிறாராம். "இதுல யாரும் பொய் சொல்லல தம்பி. ஒரே ஊர்ல ரெண்டு காலண்டர் ஓடியிருக்கு. இவன் காலண்டர்ல இன்னைக்கு, அவன் காலண்டர்ல நாளைக்கு. ரெண்டும் உண்மை" என்பார். காக்கா தலையாட்டுவார். "எங்க ஊர்லயே பிறைத் தகராறுல ரெண்டு பெருநாள் வரும் அண்ணாச்சி. இதென்ன பிரமாதம்!"

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் ஆபீஸ் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். அறுபது முடிந்தவர்களுக்கு இனி விசா புதுப்பிப்பது இல்லை, பிறந்த நாளோடு ஊருக்கு அனுப்பப்படுவார்கள். அண்ணாச்சிக்குப் பாஸ்போர்ட்டின்படி ஐம்பத்தொன்பது. இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. சின்ன மகள் ஆசிரியர் பயிற்சியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அன்றைக்கு அவர் தேதியைப் பற்றி எதுவுமே பேசவில்லை. ஆறு வருஷத்தில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

காக்காதான் வழி கண்டுபிடித்தார். "அண்ணாச்சி, பாஸ்போர்ட்ல என்ன தேதி?"

"ஜூன் ஒண்ணு."

"அது ஹெட்மாஸ்டர் போட்ட தேதிதானே? நம்மள்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான் பிறந்த நாள். உண்மையான தேதி எது?"

அண்ணாச்சி விழித்தார். அவருக்குத் தெரியவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டதாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சாப்பாட்டுக்குத் தேதி சொல்கிறவருக்கு அவர் பிறந்த தேதி தெரியவில்லை!

"கணக்குப் போட்டுப் பாருங்க அண்ணாச்சி," என்றேன் நான். "ஒரு வேளை உங்களுக்கு ஐம்பத்தேழுதானோ என்னவோ? அத்தாட்சி வாங்கிப் பாஸ்போர்ட்டைத் திருத்திடலாம்."

ஊரில் எண்பத்தைந்து வயதில் ஓர் அத்தை இருந்தார். காக்கா கடையிலிருந்து ஃபோன் போட்டோம். அத்தையின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே கடை முழுக்கக் கேட்டது.

"ஏலே, நீ பெரிய வெள்ளிக்கிழமைல்லா பொறந்த! கோயில்ல மும்மணி ஆராதனை நடக்கு, ஒங்கம்மைக்கு வலி எடுத்திட்டு. பாதிரியாரு பிரசங்கத்தை நிறுத்தவே இல்ல!"

"எந்த வருசம் அத்தை?"

"வருசம் யாரு கண்டா? நீ பொறந்ததுக்கு முந்தின நாளோ, அதுக்கும் முந்தின நாளோதான் மேலத் தெருவுல சித்திரை விசு கொண்டாடி பாயசம் கொடுத்து விட்டாவ. ஒங்கம்மை அதைக் குடிச்சுட்டுத்தான் ஒன்னைப் பெத்தா."

அண்ணாச்சியின் முகத்தில் விளக்கு எரிந்தது. பெரிய வெள்ளி, தமிழ் வருஷப் பிறப்புக்கு அடுத்த நாளோ, அதற்கும் அடுத்த நாளோ. ஆணி கிடைத்துவிட்டது! மார்ச் இருபத்தொன்றுக்குப் பிந்திய பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர், அதிலிருந்து இரண்டு நாள் பின்னால் வந்தால் பெரிய வெள்ளி. டைம்ஷீட்டின் பின்பக்கத்தில் பத்து வருஷத்துக்கும் கணக்குப் போட்டார். ஒரே ஒரு வருஷம்தான் பொருந்தியது.

"யூதக் காலண்டர்ல அன்னைக்கு நிசான் பதினாறு!" என்று துள்ளினார். "முதற்பலன் பண்டிகை! எங்கம்மைக்கு நான் மூத்த பிள்ளைவே! முதற்பலன்!"

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி. வயசு கூடுதா, குறையுதா?"

அப்போதுதான் அவர் அந்த வருஷத்தைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

கூடியிருந்தது. பாஸ்போர்ட்டைவிடப் பதிமூன்று மாதத்துக்கு மேலேயே. இந்தச் சித்திரையிலேயே அவருக்கு அறுபது முடிந்துவிட்டது.

"காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க," என்றார் காக்கா உடனே. "நாம ஃபோன் பண்ணல, அத்தை ஒண்ணும் சொல்லல."

மறுநாள் காலை அண்ணாச்சி மலையாளி மேனேஜர் முன்னால் ஒரு கடிதத்தை வைத்தார். தமக்கு அறுபது முடிந்து சில வாரம் ஆகிவிட்டது என்றும், அறியாமல் வேலை பார்த்த நாட்களுக்காக வருந்துவதாகவும் அதில் இருந்தது. மேனேஜர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"அண்ணாச்சி, கம்பெனிக்குப் பாஸ்போர்ட்தான் கணக்கு. உங்க அத்தை இல்லை" என்று சொல்லிக் கிழித்துப் போட்டார்.

"சார், அஞ்சு நிமிசம் லேட்டா வந்தவனுக்கெல்லாம் இத்தனை வருசமா சிவப்பு மையில எழுதியிருக்கேன். எனக்கு மட்டும் பதிமூணு மாசத்தைக் கண்டும் காணாம விடணுமா?"

மறுநாள் இன்னொரு கடிதம் வந்தது. அதுவும் கிழிந்தது. மூன்றாவது கடிதத்தை மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "இந்த மனுஷனை யாராவது காப்பாத்துங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை. ரூமில் அண்ணாச்சி பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தார். மகள் படிப்பைப் பற்றிக் கேட்டேன். "கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார். சொல்லும்போது ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தார்.

நான் போய்க் காக்காவைக் கூட்டி வந்தேன். காக்கா பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, எங்க ஹிஜ்ரி கணக்குல வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் குறைச்சல். அந்தக் கணக்குல உங்களுக்கு என்ன வயசு?"

அண்ணாச்சியால் சும்மா இருக்க முடியுமா? விரல் மடக்கினார். "அறுபத்தொண்ணு முடிஞ்சு... அறுபத்திரண்டு நடக்கு."

"அப்போ எங்க கணக்குப்படி நீங்க ரெண்டு வருஷத்துக்கு முந்தியே போயிருக்கணும். அத்தை கணக்குல இந்தச் சித்திரை. ஹெட்மாஸ்டர் கணக்குல அடுத்த ஜூன். ஒரே விருந்துக்கு ரெண்டு தேதி இருக்கலாம், யாரும் பொய் சொல்லலன்னு நீங்கதானே சொன்னீங்க? விருந்துக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? இந்த ஊருக்குள்ள நீங்க எந்தக் காலண்டரைக் காட்டி வந்தீங்களோ, அந்தக் காலண்டர்லதான் வெளிய போகணும்."

அண்ணாச்சி மடக்கின விரல்களை நிமிர்த்தினார். பிறகு சொன்னார்: "காக்கா, நீரு மட்டும் அந்தக் காலத்துல எருசலேம்ல இருந்திருந்தா, நாலு பேரும் ஒண்ணா எழுதியிருப்பாவ." காக்காவை எழுப்பிவிட்டு, பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டார்.

அந்தப் பாக்கி ஒரு வருஷத்தை முழுதாக வேலை பார்த்தார். மகள் படிப்பை முடித்தாள். ஹெட்மாஸ்டர் போட்ட ஜூன் ஒன்றாம் தேதி, கேட்டில் தாமே தமக்கு அவுட் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட்டார்.

அவர் ஊருக்குப் போன அதே வாரம் நான் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். எடுத்ததுமே, "ஏம்ப்பா, உன் ரூம்ல இருக்கற பெரியவர் நாலு தடவை பேசிட்டாரே, நீ எப்பப் பொறந்த, என்ன கிழமை, நிலா எப்படி இருந்துச்சுன்னு. உனக்குப் பொண்ணு ஏதும் பாக்கறாரா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் பள்ளிக்கூடத்துத் தேதியில் பிறந்தவன்தான். சரியான நாளை நான் தேடியதும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. நான் பிறந்த அன்றைக்குக் கண்மாய் உடைத்துக்கொண்டது, கார்த்திகை மாசம், புதன்கிழமை, மூன்றாம் பிறை என்று அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நாசரேத்திலிருந்து ஃபோன் வந்தது. "தம்பி, இன்னைக்குத்தான்வே. நல்லாச் சோதிச்சுட்டேன். கர்த்தர் உம்ம ஆசீர்வதிப்பாரு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் கேக் வெட்டுவது பாஸ்போர்ட் தேதிக்குத்தான். அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் கார்த்திகையில் அந்த நாள் வந்தால், ஆறரை மணிக்கே குளித்துவிட்டு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.